தாய்மைக் காலத்தில் மன அமைதி – உறுப்பினர் கல்விப் பாடம்

நெசவாளர் சங்கமாயினும், விவசாயக் கடன் சங்கமாயினும், உறுப்பினர் இல்லங்களில் நிகழும் மகப்பேற்றைப்பற்றி நாம் அறிந்துகொள்வது பெரும்பாலும் கடன் மனுவின் வாயிலாகவே. "காரணம்: பிரசவச் செலவு" என்று மனுவில் ஒரு வரி இருக்கும். குழந்தையோடு கூடவே பத்துத் திங்களும் ஒரு பெண் சுமந்துவரும் கவலையை அந்த வரி காட்டுவதில்லை. "குழந்தை நலமா?" என்று கேட்போர் பலர்; "அம்மா, உனக்கு என்ன கவலை?" என்று கேட்போர் மிகச் சிலர். இம்மாதப் பாடம் அக்கவலையைப்பற்றியது. அதனைத் தணிக்கும் எளிய ஓய்வுப் பயிற்சிகளைப்பற்றியது.

மருத்துவ ஏட்டுக்குரிய பொருள் கூட்டுறவு இதழில் ஏன் வரவேண்டும் என்று அன்பர் சிலர் வினவலாம். தறியும் வயலும் குடும்பத் தொழில்கள். கணவன் நாடாவை ஓட்ட, மனைவி தார் சுற்றித் தருகின்றாள். நடவும் களையெடுப்பும் பெண்களின் கையால் நடைபெறுகின்றன. அவர்களுள் ஒருத்தி இரவெல்லாம் உறக்கமின்றிக் கிடப்பாளாயின், அதனை அவள் தனித் துன்பம் என்று ஒதுக்கிவிடல் தகுமோ? மேலும், கர்ப்பகாலக் கவலையில் ஒரு பகுதி ஏற்பாட்டினால் தீர்வது. மற்றொரு பகுதி பயிற்சியினால் தணிவது. பணம் இல்லையே என்னும் கவலைக்கு மூச்சுப் பயிற்சி மருந்தாகாது. காரணமின்றி நள்ளிரவில் எழும் படபடப்புக்குப் பணம் மருந்தாகாது. இரண்டையும் பிரித்தறிந்து, ஒவ்வொன்றையும் உரிய வழியில் கையாள்வதே இப்பாடத்தின் சாரம். முன்னதில் சங்கத்திற்கும் பங்கு உண்டு என்பதனால் இப்பொருளை இங்கே எடுத்துக்கொண்டோம்.

1. கவலையின் இயல்பு

கருவுற்ற பெண் கவலையுறுதல் இயற்கை. உடல் மாறுகின்றது, உறக்கம் மாறுகின்றது, பிறந்த வீட்டையும் புகுந்த வீட்டையும் நினைந்து மனம் அலைகின்றது. அளவான கவலையால் நன்மையும் உண்டு. குறித்த நாளில் பரிசோதனைக்குச் செல்லத் தூண்டுவதும், இரும்புச்சத்து மாத்திரையை மறவாமல் உண்ணச் செய்வதும் அதுவே. அளவு மீறும்போதுதான் தொல்லை. தறியில் அமர்வோர் இதனை எளிதில் உணர்வர். பாவு தளர்ந்திருந்தால் துணி சீராக அமையாது. மிகுதியாக இழுத்துக் கட்டினால் இழை அறும். இழை அறுகின்றதே என்று எந்த நெசவாளரும் பாவையே வெட்டி எறிவதில்லை, இழுவையைச் சீர்செய்கின்றார். மன ஓய்வுப் பயிற்சியின் வேலையும் இதுவே.

அச்சம் எழும்போது உடலில் நிகழ்வதை அறிந்துகொள்ளுதல் நன்று. சிறுநீரகங்களின்மேல் அமைந்துள்ள சிறு சுரப்பிகள் அட்ரினலின் என்னும் பொருளைக் குருதியிற் கலக்கின்றன. நெஞ்சு வேகமாக அடிக்கின்றது. மூச்சு மேலோட்டமாகவும் விரைவாகவும் ஓடுகின்றது. தோள், கழுத்து, தாடை ஆகியவற்றின் தசைகள் இறுகுகின்றன. பாம்பைக் கண்டு ஓடவேண்டியவர்க்கு இவை உதவும். படுக்கையில் கிடந்தவாறு ஆபரேஷன் செலவை எண்ணிக்கொண்டிருப்பவர்க்கு இவற்றால் துன்பமே மிகும்.

நெஞ்சுத் துடிப்பை நோக்கி "மெல்ல அடி" என்று நாம் கட்டளையிட முடியாது. மூச்சோ தானாகவும் இயங்கும். நம் விருப்பப்படியும் இயங்கும். மூச்சை மெல்ல நீட்டி வெளியே விடும்போது, மூளையினின்று நெஞ்சுக்கு ஓடும் நரம்பொன்று துடிப்பைத் தணிக்கின்றது. இறுகிய தசையைத் தளர்த்தும்போது உடல் அமைதியடைகின்றது; உடலைத் தொடர்ந்து உள்ளமும் அடங்குகின்றது. ஓய்வுப் பயிற்சிகள் அனைத்திற்கும் இவ்விரண்டே அடிப்படை.

மேல்நாட்டு மருத்துவர்களும் இவ்வழியை ஆராய்ந்துள்ளனர். அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-இல் வெளியிட்ட நூலில், தசைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தும் முறையை விளக்கினார். ஆங்கில மகப்பேற்று மருத்துவர் கிராண்ட்லி டிக்-ரீட் 1933-இல் ஒரு நூல் எழுதினார். அச்சம் தசையை இறுக்குகின்றது, இறுகிய தசை வலியை மிகுக்கின்றது, மிகுந்த வலி மீண்டும் அச்சத்தை வளர்க்கின்றது என்பது அவர் கருத்து. நம் நாட்டிலும் சோதனைகள் நடைபெற்றுள்ளன. பெங்களூரில் நடைபெற்று 2009-இல் வெளியான ஆய்வொன்றில், யோக முறை ஓய்வுப் பயிற்சி பெற்ற கருவுற்ற மகளிரிடம் மன நெருக்கடி குறைந்தது. வழக்கமான உடற்பயிற்சி மட்டும் செய்தோரிடம் அது குறையவில்லை.

இக்குறை அரிதானதுமன்று. வளரும் நாடுகளில் கருவுற்ற மகளிருள் 100-க்கு ஏறத்தாழ 16 பேர் மனநலக் குறைக்கு, பெரும்பாலும் மனச்சோர்வுக்கு, ஆளாகின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஆகவே ஒரு பெண் தன் கவலையைச் சொன்னால், "உனக்கு மட்டும் என்ன புதுமை?" என்று அடக்குவது தவறு.

2. தென் சென்னை காட்டும் இரு வழிகள்

காஞ்சி, ஆரணி முதலிய இடங்களிலிருந்து மணமாகிச் சென்னைக்கு வந்த நம் உறுப்பினர் வீட்டுப் பெண்கள் பலர். தியாகராய நகர்க் கடைகளில் நாம் நெய்த புடவைகள் விற்பனையாகின்றன; மயிலாப்பூர், அடையாறு ஆகிய பகுதிகளில் நம் பெண்கள் குடும்பம் நடத்துகின்றனர். மேலே கூறிய இரு வழிகளுக்கும் இப்பகுதிகளிலேயே நல்ல எடுத்துக்காட்டுகள் உள்ளன.

முதலாவது, ஏற்பாட்டு வழி. அடையாற்றை அடுத்த தரமணியில் உள்ள வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ் என்னும் மருத்துவமனையைப் பலரும் அறிவர். டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958-இல் தோற்றுவித்த நிறுவனம் இது. நோய் வந்தபின் பணத்துக்கு அலைவதைவிட, நலமாயிருக்கும் காலத்திலேயே குடும்பம் தன் வருமானத்திற்கேற்ற சிறு சந்தாவை ஆண்டுதோறும் செலுத்திவருதல் மேல் என்பது அவர் வகுத்த திட்டத்தின் கருத்து. வசதியுள்ளோர் கூடுதலாகவும், இல்லாதோர் குறைவாகவும் செலுத்துவர். சிகிச்சையோ அனைவர்க்கும் உண்டு. பலர் சிறிது சிறிதாகச் சேர்த்து, தேவைப்பட்டவர்க்குப் பயன்படுத்தும் இம்முறை கூட்டுறவாளர்க்குப் புதிதன்று. ஒரு பெண்ணின் அச்சத்தை இது எங்ஙனம் குறைக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். "எங்கே போவது, எவ்வளவு ஆகும்?" என்னும் வினாக்களுக்கு விடை முன்னரே அவள் கையில் இருந்தால், பாதி இரவு உறக்கம் மீண்டுவிடும்.

இரண்டாவது, பயிற்சி வழி. மைசூரில் யோகம் பயிற்றிப் புகழ்பெற்ற தி. கிருஷ்ணமாச்சாரியார் 1950-களில் சென்னைக்கு வந்து, 1989-இல் தம் நூறாம் வயதில் மறையும் வரை இங்கேயே வாழ்ந்தார். அவர் மைந்தரும் மாணவருமாகிய டி. கே. வி. தேசிகாச்சார் பொறியியல் கற்றவர். அவர் 1976-இல் தோற்றுவித்த கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரம், மயிலாப்பூரை அடுத்த மந்தைவெளியில் இயங்கிவருகின்றது. தந்தையும் மைந்தரும் வற்புறுத்திய கொள்கை ஒன்று நமக்குப் பெரிதும் பயன்படும். மனிதரை யோகத்துக்கேற்ப வளைக்கக் கூடாது. யோகத்தை மனிதருக்கேற்ப அமைக்க வேண்டும் என்பதே அது. வயது, உடல்நிலை, தொழில், காலம் ஆகியவற்றை நோக்கியே பயிற்சி தரப்படும். கருவுற்ற பெண்ணுக்கு இக்கொள்கை மிகவும் இன்றியமையாதது. இளைஞனுக்குரிய கடும் ஆசனமும் வேகமான மூச்சும் அவளுக்கு ஆகா. இதமான அசைவும் நீண்ட மூச்சும் போதும்.

3. கவலைக்கு ஒரு கணக்கேடு

சங்கத்தின் நிலையை அறிய நாம் முதலில் கேட்பது கணக்கேட்டை. மனத்திலுள்ள கவலைக்கும் ஓர் ஏடு இருத்தல் நலம். நம் வட்டாரத்தில் நடந்த ஒன்றைக் கூறுவோம்.

நெசவாளர் குடும்பத்திற் பிறந்து மயிலாப்பூரில் வாழ்க்கைப்பட்ட இளம்பெண் ஒருத்திக்கு அது தலைப்பிரசவம். ஏழாம் மாதம் தொடங்கியதிலிருந்து இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். பின்னர் உறக்கம் இல்லை. மாமியார் நல்லவர்தாம். எனினும், "நாங்களெல்லாம் பெற்றெடுக்கவில்லையா? தைரியமாக இரு, அம்மா" என்று அவர் சொல்லும்போதெல்லாம், தைரியமில்லாமையும் தன் குற்றமாயிற்றே என்று அவள் மேலும் வருந்தினாள். பரிசோதனைக்குச் சென்றிருந்தபோது செவிலியர் ஒருவர் அவளிடம் ஒரு தாளைக் கொடுத்து, "உன் பயங்களையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுது, பக்கத்தில் இடம் விடு" என்றார். அவள் எழுதியவை ஐந்து.

ஒன்று, நள்ளிரவில் வலி எடுத்தால் யார் அழைத்துச் செல்வர்? இரண்டு, ஆபரேஷன் என்றால் பணத்துக்கு எங்கே போவது? மூன்று, பிரசவ அறையில் தனியாக இருக்கவேண்டுமே. நான்கு, சித்தி மகளுக்குக் குழந்தை தங்கவில்லையே. எனக்கும் அப்படி ஆகுமோ? ஐந்தாவதற்கு அவளால் பெயர் சொல்ல முடியவில்லை; "சும்மாவே நெஞ்சு அடித்துக்கொள்கிறது" என்று எழுதியிருந்தாள்.

செவிலியர் அத்தாளை மாமியார் முன்னிலையிலேயே படித்தார். முதற் கவலைக்கு எதிரே 108 என்னும் எண்ணும், பக்கத்து வீட்டாரின் பெயரும், துணைவரவேண்டியவர் பெயரும் எழுதப்பட்டன. இரண்டாவதற்கு எதிரே அரசு மருத்துவமனையும் உதவித்தொகைப் பதிவும் குறிக்கப்பட்டன. மூன்றாவதற்கு விடை இருந்தது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது பெண் உறவினர் ஒருவர் உடனிருக்க வழி உண்டு. "நான் வருகிறேன்" என்றார் மாமியார். நான்காவதை மருத்துவரிடமே கேட்கச் செய்தார்கள். சித்தி மகளுக்கு ஏற்பட்டது வேறு காரணத்தால் என்றும், இவளுக்கு அக்குறை காணப்படவில்லை என்றும் மருத்துவர் விளக்கினார். எஞ்சியது ஐந்தாவது ஒன்றே. அதற்குத்தான் மூச்சும் ஓய்வும் கற்பிக்கப்பட்டன.

ஐந்தில் நான்கு, கேட்பாரில்லாமையால் வளர்ந்தவை என்பதைக் கவனியுங்கள். நான்கையும் அப்படியே விட்டுவிட்டு, "கண்ணை மூடி அமைதியாக இரு" என்று அவளுக்குக் கற்பித்திருந்தால் என்ன பயன்? ஆகவே பயிற்சிக்கு முன்னர் ஏட்டை எழுதுக. இடப்பக்கத்தில் கவலை, வலப்பக்கத்தில் செய்யவேண்டியது, செய்பவர் பெயர், செய்யும் நாள். வலப்பக்கம் நிரம்பாத கவலையே பயிற்சிக்குரியது.

4. நாள்தோறும் பதினைந்து நிமிடம்

பயிற்சி தொடங்குமுன் பரிசோதிக்கும் மருத்துவரிடமோ செவிலியரிடமோ ஒரு சொல் கேட்டுக்கொள்ள வேண்டும். வயிறு நிறைய உண்டவுடன் செய்ய வேண்டா. நாள்தோறும் ஒரே நேரத்தைக் கொள்க. படுக்கைக்குச் செல்லுமுன் செய்வது பலருக்கும் ஏற்றது. முதல் நாளிலேயே பயன் தெரியாவிடினும் சோர்வடைய வேண்டா. சிறுசேமிப்பைப்போல் இதுவும் நாள்தோறும் இட்டுவந்தால் தேவையான நாளில் கைகொடுக்கும்.

முதற்படி – இருக்கை. சுவரோரமாகத் தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்து அமர்க. அல்லது இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கிடையே ஒரு தலையணையும் வயிற்றுக்கு அடியில் மடித்த பழம்புடவையும் வைத்துக்கொள்க. கர்ப்பத்தின் பிற்பாதியில் நெடுநேரம் மல்லாந்து படுத்தல் கூடாது. கருப்பையின் பளு பெரிய இரத்தக் குழாயை அழுத்தி, தலைசுற்றலை உண்டாக்கும். குழந்தைக்குச் செல்லும் குருதியையும் குறைக்கும்.

இரண்டாம்படி – மூச்சு. நிமிடம் ஐந்து. ஒரு கையை மார்பிலும் மற்றொரு கையை மேல்வயிற்றிலும் வைக்க. மூக்கின் வழியே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் அளவுக்கு மூச்சை உள்ளே இழுக்க. ஆறு எண்ணும் அளவுக்கு மெல்ல வெளியே விடுக. ஆறு முடியாவிடில் ஐந்து போதும். வெளிமூச்சு உள்மூச்சைவிட நீண்டிருப்பதே முக்கியம். இடையே மூச்சை அடக்க வேண்டா. மூச்சு முட்டுவதுபோல் தோன்றினால் எண்ணுவதை விட்டு இயல்பாக மூச்சு விடுக.

மூன்றாம்படி – தசைத் தளர்ச்சி. நிமிடம் ஐந்து. பாதங்களிலிருந்து தொடங்குக. கால்விரல்களை முகத்தை நோக்கி இழுத்து, ஐந்து எண்ணும் வரை வைத்து, பின்னர் விட்டுவிடுக. விரல்களைக் கீழ்நோக்கி நீட்டினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளக்கூடும். அவ்வாறு செய்ய வேண்டா. அடுத்துத் தொடைகளை மெல்ல இறுக்கித் தளர்த்துக. வயிற்றை இறுக்கவே வேண்டா. பின்னர்க் கைகளை முட்டியாக மடக்கி விடுக. தோள்களைக் காதை நோக்கி உயர்த்திக் கீழே விடுக. இறுதியில் தாடையையும் நெற்றியையும் தளர்த்துக. ஒவ்வொரு முறையும் இறுக்கம் எப்படி இருந்தது, தளர்ச்சி எப்படி இருக்கின்றது என்று மனத்தாற் கவனிப்பதே பயிற்சி. நாள் முழுதும் ராட்டையில் குனிந்து தார் சுற்றுவோர்க்குத் தோளும் கழுத்தும் இறுகியே கிடக்கும். அவ்விடங்களில் சற்று நேரம் கூடுதலாகச் செலவிடுக.

நான்காம்படி – மனத்துக்கு ஓர் இடம். நிமிடம் ஐந்து. தாம் விரும்பும் அமைதியான ஓரிடத்தை நினைக்க. பிறந்த வீட்டுத் திண்ணையாயினும், மயிலைத் தெப்பக்குளத்துப் படியாயினும், நெல் அசையும் வயலாயினும் சரி. இறையன்பர் தாம் வழிபடும் நாமத்தைச் சொல்லலாம். பாடத் தெரிந்தோர் தாலாட்டை முணுமுணுக்கலாம். ஏழாம் மாதத்திற்குள் குழந்தையின் செவி ஒலியை உணரத் தொடங்கியிருக்கும். தாய் பாடும் மெல்லிய பாட்டு இருவர்க்கும் ஆகும். மனம் வேறெங்கோ ஓடினால் கடிந்துகொள்ளாமல் மீண்டும் அழைத்து வருக.

ஐந்தாம்படி – எழுதல். படுத்த நிலையிலிருந்து திடீரென எழக் கூடாது. ஒருபக்கமாகத் திரும்பி, கையை ஊன்றி அமர்ந்து, இரு மூச்சு விட்டபின் எழுக.

நள்ளிரவில் திடீரெனப் படபடப்பு வந்தால் முழுப் பயிற்சியும் வேண்டா. எழுந்து அமர்ந்து, இரு பாதங்களையும் தரையில் நன்றாகப் பதிக்க. நீண்ட வெளிமூச்சுப் பத்து விடுக. அறையிற் கண்ணுக்குத் தெரியும் பொருள்கள் ஐந்தின் பெயரைச் சொல்லுக. பெரும்பாலும் சில நிமிடங்களிற் படபடப்பு இறங்கிவிடும்.

இவற்றோடு மாலை நடையும் நன்மை தரும். மருத்துவர் தடை சொல்லாவிடில், மயிலாப்பூரார்க்கு லஸ் அருகே நாகேஸ்வரராவ் பூங்காவும், தியாகராய நகரார்க்குப் பனகல் பூங்காவும் உள்ளன. பேசிக்கொண்டே நடக்க முடியும் அளவான வேகமே போதும். துணைக்கு ஒருவர் வருதல் வேண்டும், பேச்சும் மருந்தாகும்.

5. எச்சரிக்கைகள்

வேகமாக மூச்சை இழுத்து விடும் கபாலபாதி, பஸ்திரிகா போன்றவை, மூச்சை நெடுநேரம் அடக்குதல், வயிற்றை அழுத்தும் அல்லது முறுக்கும் ஆசனங்கள் ஆகியன கர்ப்ப காலத்தில் விலக்கத்தக்கவை. ஆசனம் பயில விரும்புவோர் கர்ப்பிணிகளுக்குக் கற்பித்துப் பழகிய ஆசிரியரிடமே பயில வேண்டும்.

உதிரப்போக்கு, நீர் கசிதல், தாங்கொணாத தலைவலி, பார்வை மங்கல், முகமும் கையும் வீங்குதல், கடும் வயிற்று வலி, காய்ச்சல், வலிப்பு, குழந்தையின் அசைவு குறைதல் – இவற்றுள் ஒன்று தோன்றினும் அது மனக்கவலை என்று எண்ணிப் பயிற்சி செய்துகொண்டிருத்தல் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூச்சுத் திணறலும் நெஞ்சுப் படபடப்பும் நீங்காதிருந்தால் இரத்தசோகை முதலிய காரணங்களும் இருக்கலாம்; அதனையும் மருத்துவரே அறிந்து கூற வேண்டும்.

இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, ஓயாத அழுகை ஆகியன தொடர்ந்தாலோ, உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் ஒருமுறை தோன்றினாலோ, மருத்துவ உதவி தேவை. 2022-இல் தொடங்கப்பெற்ற டெலி மானஸ் என்னும் அரசுச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். முன்னரே மனநோய்க்கு மருந்து உண்டுவருவோர் கருவுற்றவுடன் தாமாகவே அதனை நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரைக் கேட்டே எதுவும் செய்ய வேண்டும்.

மற்றொன்று. "நீ பயந்தால் குழந்தை கெட்டுவிடும்" என்று கர்ப்பிணியிடம் கூறுவோர் உளர். நன்மை கருதியே கூறினும், அது பயத்தின்மேல் பயத்தை ஏற்றுவதாகும். அன்றாடக் கவலையால் குழந்தைக்குக் கேடு வருவதில்லை. கடுமையான கவலை நெடுநாள் கவனிப்பாரின்றித் தொடர்ந்தால் குறைமாதப் பிரசவம் போன்ற இடர்கள் மிகக்கூடும் என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே செய்யத்தக்கது அவளைப் பராமரித்தல். அன்றியும், பயிற்சி செய்தால் வலியே இராது என்றும், ஆபரேஷன் வராது என்றும் எவரும் உறுதி கூறற்க. நன்கு பயின்ற பெண்ணுக்கும் ஆபரேஷன் தேவைப்படலாம். அது அவள் தோல்வியன்று.

6. வீட்டாரின் கடமையும் சங்கத்தின் கடமையும்

பதினைந்து நிமிடப் பயிற்சியைப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தல் எளிது. அப்பதினைந்து நிமிடத்தை அவளுக்கு ஒதுக்கிக் கொடுத்தலே அரிது. உலை கொதிக்க, தார் தீர, மூத்த குழந்தை அழ, அவள் எங்ஙனம் கண்மூடி அமர்வாள்? கணவர் ஒரு வேளை அடுப்பைப் பார்க்கலாம். மாமியார் குழந்தையை வைத்துக்கொள்ளலாம். ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதத்தில் வளையல் அடுக்கி, கலந்த சாதம் வகை வகையாக ஊட்டி, வளைகாப்புச் செய்கின்றோம். "உன்னைச் சூழ நாங்கள் இருக்கின்றோம்" என்று சொல்வதே அச்சடங்கின் உட்பொருள். அதனை ஒரு நாளோடு முடித்துவிடாமல் நாள்தோறும் கால்மணி நேரமாக நீட்டிப்போமாக.

ஏற்பாட்டில் முதன்மையானது பதிவு. கருவுற்ற 12 வாரத்திற்குள் அருகிலுள்ள அரசு நிலையத்திற் பதிவுசெய்தல் வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின்கீழ், தகுதியுள்ள ஏழைத் தாய்மார்க்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக மொத்தம் 18,000 ரூபாய் அளிக்கப்படுகின்றது. 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்று, அடையாற்றில் அவ்வை இல்லத்தையும் 1954-இல் புற்றுநோய் மருத்துவமனையையும் நிலைபெறச் செய்த அப்பெருமாட்டியின் பெயரை அத்திட்டம் தாங்கியிருப்பது பொருத்தமே. மாதந்தோறும் 9-ஆம் நாள் அரசு நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குச் சிறப்புப் பரிசோதனை இலவசமாகச் செய்யும் மத்திய அரசுத் திட்டமும் 2016 முதல் உள்ளது.

சங்க நிர்வாகக் குழுவினர் செய்யக்கூடியவை மூன்று. உறுப்பினர் வீட்டில் கர்ப்பம் தெரிந்தவுடன் பதிவுக்கும் உதவித்தொகைக்கும் உரிய தாள்களை நிரப்ப ஒருவர் துணைநிற்றல். பிரசவத்துக்கென மாதந்தோறும் சிறுதொகை சேர்க்கும் சேமிப்பைக் குடும்பத்தார் தொடங்கத் தூண்டுதல். மகளிர் கூட்டத்தில் செவிலியர் ஒருவரை அழைத்து இப்பயிற்சியைச் செய்துகாட்டச் செய்தல். இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை. எட்டாம் மாதத்தில் அவசரக் கடன் மனு எழுதும் கை, மூன்றாம் மாதத்திலேயே சேமிப்புச் சீட்டை எழுதினால், இரவு இரண்டு மணிக்கு விழிக்கும் கண்கள் சில குறையும்.

படிப்பு வட்டத்தில் ஆராயத்தக்க வினாக்கள்

1. நம் ஊரில் இரவு வேளையில் பிரசவ வலி எடுத்தால் மருத்துவமனை சேர எவ்வளவு நேரமாகும்? வண்டிக்கு என்ன ஏற்பாடு உள்ளது?

2. பாடத்தில் கூறிய பெண்ணின் ஐந்து கவலைகளுள், நம் சங்கத்தால் தீர்க்கத்தக்கவை எவை? வீட்டாரால் தீர்க்கத்தக்கவை எவை?

3. உள்மூச்சைவிட வெளிமூச்சை நீட்டுவதன் காரணம் யாது? அனைவரும் பத்து மூச்சு செய்து பார்த்து, கண்ட மாறுதலைக் கூறுக.

4. பயிற்சியை நிறுத்தி உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய அறிகுறிகளுள் ஐந்தினைக் கூறுக.

5. தார் சுற்றும் பெண்ணுக்கும் களையெடுக்கும் பெண்ணுக்கும் நாள்தோறும் பதினைந்து நிமிட ஓய்வு கிடைக்க, அவரவர் வீட்டில் எந்த வேலையை யார் ஏற்பது?

ஐந்தாம் வினாவுக்கு விடையைக் கூட்டத்திற் சொல்வதோடு நில்லாமல், அன்று மாலையே வீட்டில் செய்து காட்டுமாறு ஆண் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.